நாஹாவில் நான் பார்க்காத கோட்டை

கம்பெனியில் ஆண்டு மலர் போடுகிறார்களாம். ஓய்வு பெற்றவர்களும் எழுத வேண்டும் என்று மாரியப்பன் போன் செய்தான். எனக்குப் பின்னால் சமையலுக்குச் சேர்ந்தவன்.

"நீங்க பாத்த எடங்களைப் பத்தி எழுதுங்க அண்ணாச்சி."

"பாத்த எடம்னா ரெண்டு வரிக்கு மேல வராதுலே."

"சும்மா இருங்க. அந்த நாஹாவுக்கே எத்தனை தடவை போயிருக்கிய!"

போனது உண்மை. அதை எழுதுகிறேன். பிழை இருந்தால் அவர்களே திருத்திக்கொள்ளட்டும்.

என் பெயர் முருகையா. ஊர் சங்கரன்கோவில். படிப்பு எட்டாம் வகுப்பு. கல்யாண வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போனேன். பிறகு காய் நறுக்கினேன். பிறகு சாம்பார் என் கைக்கு வந்தது. திருநெல்வேலியில் ஓர் ஓட்டலில் சில வருடம் இருந்தேன். அங்கே சாப்பிட வந்த ஒருவர் என்னைச் சுற்றுலாக் கம்பெனிக்குக் கூட்டிப்போனார். என் பயிற்சி அவ்வளவுதான்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். நம் ஆட்கள் எந்த நாட்டுக்குப் போனாலும் மூன்றாம் நாள் ரசம் கேட்பார்கள். கோபுரம் பார்ப்பார்கள், அருவி பார்ப்பார்கள், மத்தியானம் ஆனால் முகம் சுருங்கிவிடும். அதனால் கூட்டத்தோடு ஒரு சமையல்காரனும் விமானத்தில் போவான். அவன் முதலில் போய் அடுப்பைப் பிடிக்க வேண்டும். அவர்கள் பார்த்துவிட்டு வரும்போது இலையில் சூடாக இருக்க வேண்டும். இலை என்று பேச்சுக்குச் சொல்கிறேன். காகிதத் தட்டுதான்.

புறப்படுவதற்கு முன் வாரத்திலேயே வேலை தொடங்கிவிடும். புளிக்காய்ச்சலைச் சுண்டக் காய்ச்சி எண்ணெய் மேலே மிதக்கிற பதத்தில் டின்னில் அடைப்பேன். பருப்புப் பொடி, ரசப்பொடி, வறுத்த ரவை எல்லாம் தனித்தனிப் பொட்டலம். பச்சைக் கருவேப்பிலை கொண்டுபோகக் கூடாது, பிடுங்கிவிடுவார்கள். பொடி செய்துதான் போகும். கடுகும் மிளகாயும் தாளித்து ஆறவைத்த எண்ணெயும் ஒரு டின் தனியாக இருக்கும். இந்தத் தாளித்த எண்ணெய் என் அனுபவத்தில் வந்தது. முதல் பயணத்தில் சிங்கப்பூர் ஓட்டல் அறையில் மிளகாயைக் கிள்ளி எண்ணெயில் போட்டேன். கூரையில் இருந்த புகை மணி அலறியது. பதினெட்டு மாடியும் இறங்கித் தெருவில் நின்றது. நான் கரண்டியோடு நின்றேன்.

எங்கள் மேனேஜர் தேவசகாயம் சார் பக்கத்தில் வந்தார். பாளையங்கோட்டைக்காரர். எந்த வெயிலிலும் சட்டை கசங்காது. குரலை உயர்த்த மாட்டார்.

"இனிமே தாளிக்கிறதை ஊர்லயே முடிச்சிட்டு வந்திரும் வே" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை.

அவரிடம் ஒரு பழக்கம். சட்டைப்பையில் கைக்குட்டையில் சுற்றி ஒரு ஸ்பூன் வைத்திருப்பார். பரிமாறுவதற்கு முன் வந்து சாம்பாரில் விட்டு, நின்றபடியே ருசி பார்ப்பார். குறை இருந்தால் "உப்பு" என்பார், அல்லது "புளி" என்பார். சரியாக இருந்தால் "ம்" என்பார். ஸ்பூனைக் கழுவித் துடைத்துத் திரும்பச் சுற்றி வைத்துக்கொள்வார். அந்த "ம்"முக்குத்தான் அத்தனை வருடம் வேலை செய்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

சேர்ந்த புதிதில் ஒரு நாள் கேட்டேன். "சார், நானும் ஒரு எட்டு பஸ்ல வந்து பாத்துட்டு வரட்டா?"

"நீரு பாக்க வரல வே. அவங்க பாக்குறதுக்குத்தான் நீரு வந்திருக்கீரு."

அதில் எனக்கு வருத்தம் இல்லை. சரியாகத்தான் பட்டது. இப்போதும் அவரைக் குறை சொல்லவில்லை. ஊர்களை நான் சாப்பாட்டு நேரத்துப் பேச்சில்தான் தெரிந்துகொண்டேன். இது உயரமாம், அது அழகாம், அங்கே கூட்டமாம். கேட்டுக்கொண்டே மோர் ஊற்றுவேன்.

நாஹாவுக்கு வருகிறேன். ஜப்பானில் தெற்கே தள்ளி ஒரு தீவு, ஒகினாவா. அதில் பெரிய ஊர் நாஹா. எங்கள் கம்பெனி தைவான் காட்டிவிட்டு அங்கே கூட்டிப்போகும். ஜப்பான் என்றால் பனி என்று நம் ஆட்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இறங்குவார்கள். வெளியே வந்தால் நம் ஊர் ஆவணி மாதிரிப் புழுக்கம். வேலி முழுக்கச் செம்பருத்தி. தெரு முக்கில் விழுது தொங்குகிற ஆலமரம். வீட்டுக் கூரைகளில் சுட்ட மண்ணால் செய்த சிங்கம் உட்கார்ந்திருக்கும், கண்திருஷ்டிக்கு. சந்தைக்குப் போனால் பாகற்காய், பீர்க்கங்காய், வெண்டைக்காய். அந்த ஊர்க்காரர்களுக்குப் பாகற்காய் என்றால் உயிர். முதல் தடவை பார்த்தபோது ஜப்பானுக்கு வந்துவிட்டோமா, பனவடலிசத்திரம் சந்தைக்கு வந்துவிட்டோமா என்று இருந்தது.

பெரிய கடைத்தெருவுக்குப் பின் சந்தில் ஒரு நேபாளி சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். காலையிலிருந்து சாயந்திரம் வரை அவர் அடுப்பு எனக்கு வாடகைக்கு. அந்த ஊர் அரிசி ஒட்டும். நாலு தண்ணீரில் கழுவி, நிறையத் தண்ணீரில் வேகவிட்டு, முக்கால் பதத்தில் வடித்து, ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டால் நம் சோறு மாதிரி நிற்கும். நாஹாவில் நான் நன்றாகப் பார்த்தது அந்த அடுப்படிதான்.

ஊருக்கு மேலே ஒரு குன்று. குன்றின் மேல் ஷுரி கோட்டை. அந்தத் தீவுக்குத் தனி ராஜா இருந்த காலத்து அரண்மனை. முழுக்கச் சிவப்பாம். தூண் சிவப்பு, சுவர் சிவப்பு, கூரை ஓரத்தில் டிராகன். பார்த்துவிட்டு வருகிறவர்கள் சோற்றை மறந்து அதைப் பேசுவார்கள். ஒரு தடவை பஸ் கோளாறாகி அவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். சாப்பாட்டை எடுத்துக்கொண்டு டாக்சியில் கோட்டையடிக்குப் போனேன். கொடுத்தேன். மேலே ஏறிப் பார்க்கக் கால் மணி நேரம் போதும். சாயந்திரம் பஜ்ஜிக்கு மாவு கரைக்க வேண்டும். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று அதே டாக்சியில் திரும்பினேன்.

அடுத்த தடவை வருவதற்குள் அது எரிந்துவிட்டது. ஊரில் டிவியில் காட்டினார்கள். விடியற்காலை இருட்டில் நெருப்பு மட்டும் தெரிந்தது. பிறகு கொரோனா வந்து எல்லாம் நின்றது.

இனி சண்முகத்தாய் மதினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதுதான் நான் எழுத வந்தது.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு அவர்களுக்கு. வீட்டுக்காரர் சுடலைமுத்து அண்ணாச்சி. அரசு பஸ் டிரைவர். ராஜபாளையம் ரோட்டில் ஆயுசுக்கும் ஓட்டி ஓய்வு பெற்றவர். மதினிக்குக் கண் நரம்பு சுருங்கிக்கொண்டே வந்தது. பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. "ஊதுகுழல் வழியாப் பாக்குற மாதிரி இருக்கு தம்பி" என்பார். மதுரையில் டாக்டர் சொட்டு மருந்துப் பாட்டிலின் சிவப்பு மூடியைக் காட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடி, என்ன நிறம் என்று கேட்டிருக்கிறார். வலது கண்ணில் சிவப்பு. இடது கண்ணில் செங்கல். இந்த வியாதியில் சிவப்புதான் முதலில் மங்குமாம். பிறகு மற்றதும் போகும், நிறுத்த முடியாது, தள்ளிப்போடத்தான் முடியும் என்று சொல்லிவிட்டார்.

அண்ணாச்சி மதினியிடம் கேட்டார். "எங்கன போகணும் சொல்லுளா. ஓட்டுன காலமெல்லாம் நான் ஊரு பாத்தேன், நீ செவரைப் பாத்த."

பஸ் ஸ்டாண்டு பக்கம் எங்கள் கம்பெனி ஏஜெண்டு கடை இருந்தது. சுவரில் ஷுரி கோட்டை போஸ்டர். மதினி இடது கண்ணைப் பொத்திக்கொண்டு அதைப் பார்த்தார். விரலை வைத்தார். "இங்கன. செவப்பு போறதுக்குள்ள ஒரு பெரிய செவப்பா பாத்துரணும்" என்றார்.

கொரோனா முடிந்து நாஹாவுக்குப் போன முதல் பயணம் அது. கோட்டை எரிந்தது எனக்குத் தெரியும். ஆனால் சில வருடம் ஆகியிருந்தது, போஸ்டரும் சிவப்பாக இருந்தது. கட்டியிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன்.

புறப்படும்போது சென்னையில் மேனேஜர் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னார். பழம், விதை, இறைச்சி, மண் எதுவும் பையில் இருக்கக் கூடாது. மண் என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். மண்ணை யார் ஜப்பானுக்குக் கட்டிக்கொண்டு போவது? மதினியும் சிரித்தார்.

தைவானில் யாரும் பையைத் திறந்து பார்க்கவில்லை. நாஹா விமான நிலையத்தில் ஓர் அதிகாரி மதினியின் பையைத் திறக்கச் சொன்னார். துணிக்கு நடுவே சிறிய எவர்சில்வர் டப்பா இருந்தது. திறந்தார். மேனேஜரைக் கூப்பிட்டார்.

"என்னம்மா இது?"

"பிரசாதம் சார். கோமதி ஆத்தா புத்து மண்ணு. குளிச்சிட்டுக் கண்ணுல பூசுவேன்."

"மண்ணு கூடாதுன்னு சொன்னேன்லாம்மா?"

"மண்ணு கூடாதுன்னிய. இது ஆத்தாள்ளா!"

மேனேஜர் டப்பாவைக் காட்டி அதிகாரியிடம் நெடுநேரம் பேசினார். அந்த ஆள் நல்ல மனுசன். தலை குனிந்து குனிந்து கேட்டுக்கொண்டார். டப்பாவை இரண்டு கையாலும் வாங்கினார். ஆனால் வாங்கிவிட்டார். டப்பாவைக் கழுவித் திருப்பித் தந்தார்கள். மதினி அதை வாங்கிப் பையில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"வுடுளா. ஊருக்குப் போயி வாங்கிக்கிடலாம்" என்றார் அண்ணாச்சி.

"ஊர்ல பூசி என்ன பாக்க? இங்கன பாக்கத்தான கொண்டாந்தேன்."

அன்று சாயந்திரம் கடைத்தெருவைக் காட்டினார்கள். அந்த ஊரில் பாம்பை முழுசாகச் சாராயப் பாட்டிலில் ஊறப் போட்டு விற்பார்கள். வாயைத் திறந்தபடி சுருண்டு கிடக்கும். நான் பல தடவை கண்ணைத் திருப்பிக்கொண்டு கடந்து போயிருக்கிறேன். நம் கூட்டத்தில் பாதிப் பேர் கடை வாசலிலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எங்கள் ஊர்க் கோமதியம்மன் கோயிலில் சங்கன், பதுமன் என்று இரண்டு நாகங்கள்; வெள்ளியில் பாம்பு வாங்கி அங்கே செலுத்துகிற ஜனம். மதினி ஊதுகுழல் பார்வையில் நேராக அந்தப் பாட்டிலைத்தான் பார்த்திருக்கிறார்.

"ஆத்தா மண்ணையும் பறிச்சாச்சு. சங்கனையும் பதுமனையும் ஊறுகாய் போட்டாச்சு. இந்த ஊர்ல எனக்குப் பாக்க ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு அறைக்குப் போய்ப் படுத்துவிட்டார்.

மறுநாள் கோட்டைக்குக் கூட்டம் போனது. மதினி போகவில்லை. அண்ணாச்சியும் போகவில்லை. கஞ்சி வைத்து எடுத்துப்போனேன். மதினி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார்.

மத்தியானம் கூட்டம் திரும்பி வந்தது. கோவில்பட்டியிலிருந்து ஒருவர் வந்திருந்தார், பாங்கில் வேலை பார்த்தவர். தட்டை நீட்டிக்கொண்டே சொன்னார். "கோட்டை பாக்கப் போயி கோடவுனைப் பாத்துட்டு வந்தோம் முருகையா. தகரக் கொட்டாய் போட்டு மூடி வச்சிருக்கான். இன்னும் கட்டவே இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சி சாப்பாடு வாங்க வந்து எனக்குப் பக்கத்தில்தான் நின்றார். நேராக மேனேஜரிடம் போனார்.

"போஸ்டர்ல செக்கச்செவேல்னு போட்டிருந்தியளே சார்?"

"பழைய படம் அண்ணாச்சி. வேலை நடக்குதுன்னு கீழ போட்டிருந்துச்சு."

"கீழன்னா?"

"கீழ. சின்னதா."

"சின்ன எழுத்துப் படிக்கிற கண்ணா இருந்தா நான் ஏன் சார் இவ்வளவு தூரம் கூட்டியாரேன்?"

மேனேஜர் ஸ்பூனைக் கையில் வைத்திருந்தார். அன்று சாம்பாரில் விடவில்லை. கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போய் நின்றார்.

சாயந்திரம் அடுப்படிக்கு வந்தார். "நாளைக்குக் காலையில எல்லாரும் கடைக்குப் போறாங்க. மத்தியானம் எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் போதும். வெள்ளன முடிச்சிரும். முடிச்சிட்டு அவங்க ரெண்டு பேரையும் மேல கூட்டிட்டுப் போயிட்டு வாரும்."

"நானா சார்?"

"நான் கூப்பிட்டா வர மாட்டாங்க. நீரு அவங்க ஊருக்காரரு."

இப்படித்தான் என் வேலைக் காலத்தில் ஒரே ஒரு நாள் ஊர் பார்க்கப் போனேன்.

மதினி லேசில் எழுந்திருக்கவில்லை. அண்ணாச்சிதான் பேசினார். "வேலை நடக்குதுங்காங்க. அப்ப பாதியாவது பூசியிருப்பான்லா. ஒரு தூணு செவப்பா இருந்தாக்கூடப் போதாதா?" அந்தத் தூணுக்காகத்தான் மதினி சேலை மாற்றினார்.

அந்த ஊரில் ரயில் வீட்டுக் கூரைகளுக்கு மேலே ஒற்றைத் தண்டவாளத்தில் போகும். அண்ணாச்சி டிரைவருக்குப் பின்னால் கண்ணாடி ஓரம் போய் நின்றுகொண்டார். அந்த டிரைவர் சிக்னல் விளக்கைக் கண்டால் விரலை நீட்டி ஏதோ சொல்வார், ஸ்டேஷன் வந்தால் விரலை நீட்டிச் சொல்வார்.

"தனக்குத்தானே பேசிக்கிட்டு ஓட்டுதான் பாரு."

"நீங்க மட்டும் என்ன? வாசுதேவநல்லூர் தாண்டுற வரைக்கும் ஒரே வசவுதான்" என்றார் மதினி. அந்தப் பாம்புக் கடைக்குப் பிறகு அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். அண்ணாச்சி திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஸ்டேஷனிலிருந்து நடை. மதினி அண்ணாச்சியின் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டார். முதலில் ஒரு வாசல் வந்தது. மரவாசல், ஓட்டுக் கூரை. அது எரியாமல் தப்பியது.

"இது என்ன நெறம்?"

"செவப்புளா."

மதினி ஒரு கண்ணைப் பொத்தினார். மற்றதைப் பொத்தினார். "ரெண்டுலயும் செங்கல்லாத்தான் இருக்கு" என்றார்.

"வெயில்ல வெளுத்திருக்கு" என்று அண்ணாச்சி சொன்னார். கொஞ்சம் வெளுத்துத்தான் இருந்தது. ஆனால் சிவப்புதான்.

வாசலைத் தாண்டியதும் இடது பக்கம் கல்லில் ஒரு சின்ன வாசல். கதவு சாத்தியிருந்தது. பின்னால் மரங்கள். ராஜா வெளியூர் புறப்படுமுன் அதன் முன்னால் நின்று கும்பிடுவாராம், மேனேஜர் சொல்லி அனுப்பியிருந்தார். ஓர் அம்மா, மதினி வயதுதான் இருக்கும், தரையில் பாயைப் போட்டு அந்தச் சாத்திய வாசலைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். முன்னால் ஒரு கிண்ணம் அரிசி, பட்டையாகக் கறுப்பு ஊதுபத்தி. பற்ற வைக்கவில்லை.

"உள்ள என்ன சாமி தம்பி?"

"சாமி இல்ல மதினி. மரம்தான் இருக்கு."

"மரத்துக்கடியில மண்ணு இருக்கும்லா" என்றார் மதினி.

சட்டையை விட்டுவிட்டு அந்த அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கும்பிட்டார். பிறகு கையைத் துழாவி, வாசல் கல் ஓரத்தில் இருந்த மண்ணைக் கிள்ளப் போனார். அந்த அம்மா கையைப் பிடித்துவிட்டார். இறுக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

"கண்ணுக்கு ஆத்தா. கொஞ்சூண்டு" என்று மதினி தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார்.

அந்த அம்மா அவர் பாஷையில் ஏதோ சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. கூடாது என்பது மட்டும் புரிந்தது.

"மண்ணு குடுக்காத சாமியும் இருக்கு போல" என்றார் மதினி.

அந்த அம்மா கிண்ணத்திலிருந்து கொஞ்சம் அரிசி எடுத்து மதினி உள்ளங்கையில் வைத்து மூடினார். மதினி அதை முந்தானையில் முடியப் போனவர் நிறுத்திவிட்டார். "கொண்டுபோனா இதையும் பறிச்சிருவாங்க" என்று சொல்லி வாயில் போட்டுக்கொண்டார். அந்த அம்மா சிரித்தார். மதினி சிரிக்கவில்லை.

படி ஏறினோம். கோவில்பட்டிக்காரர் சொன்னது சரிதான். மலை மாதிரி ஒரு கொட்டகை. வெளிச்சுவரில் அரண்மனை எப்படி இருக்கும் என்று கோடு கோடாக வரைந்திருந்தார்கள். உள்ளே போகலாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொண்டிருந்தார்கள். தூண், உத்தரம், எல்லாம் பூச்சில்லாத வெறும் மரம். இழைத்த மரவாசனை நிறைந்து கிடந்தது. மேலே ஆட்கள் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். எங்கேயும் சிவப்பு இல்லை.

மதினி நெற்றியைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டார். தலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பார்த்தார். ஒரு தூணை அடியிலிருந்து மேல் வரை பார்க்க வெகுநேரம் ஆனது.

"நான் துண்டு துண்டாத்தான் பாக்கேன். நீ முழுசாப் பாத்துச் சொல்லு தம்பி."

"பெருசா இருக்கு மதினி. மரம்."

"சமையக்காரன்கிட்ட கேட்டது என் தப்பு. ஒரு கரண்டிக்கு மேல விழ மாட்டேங்குது."

அங்கே நின்ற ஒரு பிள்ளை, வேலை பார்க்கிற பிள்ளை, எங்களைக் கவனித்து போனை நீட்டியது. அண்ணாச்சி அதில் தமிழில் கேட்டார், எப்போது சிவப்புப் பூசுவார்கள் என்று. போன் அந்தப் பிள்ளையின் பாஷைக்கு மாற்றிச் சொன்னது. பிள்ளை பதில் சொன்னது. போன் சுத்தத் தமிழில் பேசியது. "வண்ணம் பின்னர் பூசப்படும். இரண்டு ஆண்டுகள் கழித்து மீண்டும் வாருங்கள்."

பிள்ளை சிரித்துக்கொண்டே தலை குனிந்தது. அதற்கு என்ன தெரியும்?

"வாரேன் தாயி" என்றார் மதினி போனைப் பார்த்து.

இறங்கி வரும்போது அண்ணாச்சி என்னிடம் தனியாகக் கேட்டார். "கடைசித் தூணுல லேசா செவப்பு இருந்த மாதிரி இருந்துச்சேல்லா?"

"இல்ல அண்ணாச்சி."

"இருந்துச்சுன்னு சொல்லியிருக்கலாமோ?"

"ரெண்டு பேரும் சேந்து சொன்னாலும் நம்ப மாட்டாக."

அடுப்படிக்கு வந்தேன். எலுமிச்சை சாதம் ஆறியிருந்தது. மேனேஜர் ஸ்பூனோடு வந்தார்.

"பாத்தாங்களா?"

"மரம் பாத்தாங்க சார்."

ஸ்பூனைச் சாதத்தில் வைக்கவே இல்லை. "ம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த வருடத்தோடு அவர் வேலையை விட்டார். ஏஜெண்டு கடைகளில் இருந்த அந்தப் போஸ்டர்களையெல்லாம் அவரே ஊர் ஊராகப் போய் எடுத்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவர் சொல்லவில்லை.

நான் அடுத்த வருடம் வேலையிலிருந்து நின்றுகொண்டேன். இப்போது சமையல்காரனை அனுப்புவதில்லை. எல்லாம் பாக்கெட். வெந்நீர் ஊற்றினால் சாம்பார் சாதம் ஆகிவிடுகிறது. மாரியப்பன் கரண்டியை விட்டுவிட்டுக் கொடி பிடித்துக் கூட்டத்துக்கு முன்னால் நடக்கிறான். நல்லதுதான். எல்லாம் பார்க்கிறான்.

போன வாரம் அவன்தான் நாஹாவிலிருந்து ஒரு படம் அனுப்பினான். கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள். அரண்மனை நிற்கிறது. போனை எடுத்துக்கொண்டு மதினி வீட்டுக்குப் போனேன்.

அண்ணாச்சி கதவைத் திறந்தார். கையில் கரண்டி. இப்போது அங்கே சமையல் அவர்தான். "நல்ல நேரத்துல வந்தீரு வே. ரசம் ஏன் கசக்குன்னு சொல்லும்."

"வெந்தயம் கருகியிருக்கும்."

மதினி தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். இரண்டு கண்ணும் முழுக்கப் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. வெளிச்சம், இருட்டு மட்டும் தெரியும். என் குரலுக்கு முகத்தைத் திருப்பினார்.

"மாரியப்பன் படம் அனுப்பியிருக்கான் மதினி. கோட்டை முடிஞ்சிருச்சு."

கை நின்றது. "பூசியாச்சா?"

"பூசியாச்சு."

"எப்படிச் செவப்பு?"

படத்தைப் பார்த்தேன். அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"அந்தப் போஸ்டர்ல இருந்த மாதிரிதாம்ளா" என்றார்.

"போஸ்டரு கையகலம். அது பத்தாதுன்னுதான அம்புட்டுத் தூரம் போனோம். நீ சொல்லு தம்பி."

போனில் வெளிச்சத்தைக் கூட்டினேன். மிளகாய்ப்பழம் மாதிரி இருந்தது. குறைத்தேன். காய்ந்த வற்றல் மாதிரி ஆனது. இரண்டையும் சொன்னேன்.

"ரெண்டுல எது?"

"தெரியல மதினி. படம்லா."

"படத்தை வுடு. எரியுறதுக்கு முந்தி அத்தனை தடவை அந்த ஊருக்குப் போயிருக்கேல்லா. அப்ப நேர்ல எப்படி இருந்துச்சு? அதைச் சொல்லு, போதும்."

அண்ணாச்சி என்னையே பார்த்தார். ஏதாவது சொல்லிவிடு என்கிற பார்வை. எனக்கு வரவில்லை.

"நான் பாக்கல மதினி."

"பாக்கலையா?"

"மேல ஏறல. வேலை கெடந்துச்சு."

ஒரு பல் பூண்டை எடுத்தார். உரித்தார். தட்டில் போட்டார்.

"ஒனக்குக் கண்ணு நல்லாத்தான தம்பி இருந்துச்சு?" என்றார். குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டார்.

"நல்லாத்தான் இருந்துச்சு மதினி" என்றேன்.